செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடும் முன்: உங்கள் தொட்டியில் யாரும் இறங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி

செப்டிக் டேங்கில் ஆள் இறந்துபோன வீட்டில் உரிமையாளர் சொல்வது அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும்: "நான் லாரியைத்தான் கூப்பிட்டேன், யாரையும் இறங்கச் சொல்லலை." பெரும்பாலும் அது உண்மையும்கூட. இறங்கச் சொன்னவர் லாரிக்காரராக இருப்பார். சில நேரம் அவரும் சொல்லியிருக்க மாட்டார். வேலை முடிந்தால்தான் காசு என்பதால் ஹெல்பர் தானே இறங்கியிருப்பார்.

அவர் இறங்கியே ஆக வேண்டிய நிலை எங்கே உருவானது என்று பின்னால் போய்ப் பாருங்கள். பத்து வருடமாகத் திறக்காத தொட்டி. ஒரே லோடுக்குப் பேசிய பணம். இரண்டாவது அறைக்கு மூடியே வைக்காத கட்டுமானம். "நாளைக்கு விசேஷம், இன்னிக்கே முடிச்சுக் குடுங்க" என்ற அவசரம். நான்கும் வீட்டுக்காரர் கையில் இருந்தவை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவருக்குத் தான் எய்ததே தெரியாமல் போகிறது. அது தெரிய வேண்டும் என்பதற்காகவும், அந்த நான்கையும் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும் என்பதற்காகவும்தான் இந்தக் குறிப்பு. தனி வீடு, அடுக்ககச் சங்கம், கல்யாண மண்டபம், லாட்ஜ், பள்ளி என்று தொட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

வேலையைக் கொடுத்துவிட்டால் பொறுப்பும் போய்விடுமா?

போகாது. மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கழிவுநீர்க் குழாயிலோ செப்டிக் டேங்கிலோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் "நேரடியாகவோ மறைமுகமாகவோ" ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. அந்த 'மறைமுகமாக' என்ற சொல்லுக்குள் நீங்கள் வருகிறீர்கள். முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 5 ஆண்டும் 5 லட்சமும் வரை போகும். குற்றம் ஜாமீனில் வர முடியாத வகை. உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவும் சேரும். அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். "அவரேதான் விருப்பப்பட்டு இறங்கினார்" என்ற வாதத்தைப் பலர் மனதார நம்புகிறார்கள். அது ஏன் நிற்காது என்றால், இறங்குகிறவரிடம் வாயு அளக்கும் கருவி கிடையாது, உள்ளே எத்தனை வருடக் கசடு கிடக்கிறது என்பது தெரியாது, வேண்டாம் என்றால் அன்றைய கூலி கிடையாது. இந்த மூன்றில் இரண்டை மாற்றும் வசதி உங்களிடம் இருக்கிறது. தெரிந்தவர், தடுக்கக் கூடியவர், அந்த வேலையால் பயன் பெறுபவர் ஆகிய மூன்றும் ஒரே ஆளாக இருந்தால், அவருடைய கை தொட்டிக்குள் போகவில்லை என்பதால் பங்கு குறைந்துவிடாது. இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இப்படி இறங்க வைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட தலித் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அந்த "விருப்பம்" எத்தனை தலைமுறையாகத் திணிக்கப்பட்டது என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

தொட்டிக்குள் என்ன இருக்கிறது

கசடு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு மூன்றும் வருகின்றன. ஆக்சிஜன் குறைகிறது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனாலே ஆபத்தான இடம் என்று கணக்கு.

கொல்வதில் முதன்மையானது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். நாற்றம் வந்தால் உஷாராகிவிடலாம் என்று நினைப்பதில்தான் தவறு நடக்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு, அதாவது 100 பிபிஎம், இருந்தாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதுபோல் தோன்றும். 700 முதல் 1,000 பிபிஎம் என்றால் ஓரிரு மூச்சிலேயே சுருண்டு விழுவார். கத்தக்கூட நேரம் இருக்காது. அதனால்தான் மேலே நிற்பவர் "வழுக்கி விழுந்துட்டான்போல" என்று நினைத்துத் தூக்கிவிட இறங்குகிறார். மூடிய இடங்களில் நேரும் சாவுகளில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையது என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986லேயே எழுதியது. நம் ஊர்ச் செய்திகளில் ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவதற்குக் காரணமும் இதுதான்.

கற்பூரத்தையோ விளக்கையோ கொளுத்திக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் அந்தச் சுடரே தொட்டியை வெடிக்க வைக்கும். மறுபக்கம், ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் விளக்கு அணையாமல் எரியும். மூடியை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டால் வாயு போய்விடும் என்பதும் பாதி உண்மைதான். மேலே நிற்கும் வாயு போகும். கசடுக்குள் அடைபட்டது அப்படியே இருக்கும். கடப்பாரையால் கிளறிய நொடியில், காலால் மிதித்த நொடியில் அது குபுகுபுவென்று மேலே வரும். சோதித்துவிட்டு இறங்கியவரும் சாவது இதனால்தான். முகத்தில் கட்டிய ஈரத்துணி, மருத்துவ மாஸ்க், என்95 எதுவும் வாயுவைத் தடுக்காது.

லாரி இருந்தும் ஏன் இறங்குகிறார்கள்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. லாரியின் குழாய் நீர்த்த கசடைத்தான் உறிஞ்சும். பல வருடம் எடுக்காத தொட்டியில் அடிமண்டி களிமண்போல் இறுகிக் கிடக்கும். அதோடு நாப்கின், துணி, பிளாஸ்டிக் கவர் சேர்ந்தால் குழாயின் வாய் அடைத்துக்கொள்ளும். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அறைக்கு மூடி இல்லையென்றால் குழாய் அங்கே போகவே வழியில்லை. வாளியோ போனோ உள்ளே விழுந்திருக்கலாம். கடைசியாக, வீட்டுக்காரர் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தை: "அடிவரைக்கும் சுத்தமா வழிச்சு விடுங்க." தொட்டியைப் பாத்திரம் மாதிரி கழுவ வேண்டிய தேவையே இல்லை. அடியில் கொஞ்சம் கசடு மிச்சமிருந்தால் தொட்டிக்கு எந்தக் கெடுதலும் கிடையாது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதே பெரிய காரியம்.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 8 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி ஆழம் என்றால் 240 கன அடி, ஏறக்குறைய 6,800 லிட்டர். 5,000 லிட்டர் லாரியை ஒரு லோடுக்குப் பேசினால் மேலே உள்ள தண்ணீர் போய், எடுக்க வேண்டிய மண்டி முழுவதும் அடியில் நின்றுவிடும். அப்போதுதான் "ரெண்டாவது லோடு எக்ஸ்ட்ரா" என்று தகராறு வரும். அதைத் தவிர்க்க வாளியும் கயிறும் ஒரு ஆளும் உள்ளே போவார்கள். ஆகவே கணக்குப் போட்டு, தேவையான லோடுகளை முதலிலேயே பேசிவிடுங்கள்.

கசடு எவ்வளவு என்று பார்க்க, தொட்டியின் ஆழத்தைவிட இரண்டு அடி நீளமான கழியின் கீழ்ப்பகுதியில் மூன்று அடிக்கு வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். மூடியைத் திறந்து, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, கழியை மெதுவாக அடிவரை இறக்கிச் சில நிமிடம் வைத்து நேராக வெளியே எடுங்கள். துண்டில் கறுப்பாகப் படிந்த உயரம்தான் கசடு. நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை அது தொட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். திறப்பின் மேல் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

வழக்கமாக 2 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் கசடு இறுகாது, லாரியே எடுத்துவிடும். ஐந்து வருடம், பத்து வருடம் என்று தள்ளிப்போடுவது செலவை மிச்சப்படுத்துவதுபோல் தெரியும். உண்மையில் அந்தச் செலவை இன்னொருவர் நுரையீரலின் மேல் ஏற்றி வைக்கிறோம். மண்டபத்துக்கும் லாட்ஜுக்கும் இந்த இடைவெளி இன்னும் குறைவு. அங்கே வருடத்துக்கு இருமுறையாவது கழி வைத்து அளக்க வேண்டும்.

போனில் பேச வேண்டியது

உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற்ற லாரியா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் 14420 என்ற உதவி எண்ணில் விசாரிக்கலாம். பிறகு இவற்றையெல்லாம் தெளிவாகச் சொல்லுங்கள்: தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை அறை, கடைசியாக எப்போது எடுத்தது, லாரி நிற்கும் இடத்திலிருந்து தொட்டி எத்தனை மீட்டர். குழாய் நீளம் போதாமல் போவதும் வாளிக்குக் காரணமாகிறது. உயர் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் ஜெட் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய தொட்டி என்றால் அது இல்லாமல் வராதீர்கள் என்று சொல்லிவிடலாம். அதற்குக் கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாதீர்கள். இறங்குவதற்கு மாற்றாக வருகிற இயந்திரம் அது.

பணம் பேசும் முறைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "முழு கிளீனிங்" என்று ஒரு தொகை பேசினால், மிச்சமிருக்கும் ஒவ்வொரு வாளிக் கசடும் ஹெல்பரை உள்ளே தள்ளும். லோடு கணக்கில் பேசுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: "குழாயில வர்றது வந்தா போதும். யாரும் உள்ள இறங்கக் கூடாது. மிச்சம் இருந்தாலும் பேசின காசு முழுசா குடுத்துடுவேன்." இதையே வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்புங்கள். உங்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காக இல்லை. டிரைவர் கையில் அந்த எழுத்து இருந்தால், அவருக்குத் தன் முதலாளியிடம் காட்ட ஒரு ஆதாரம் இருக்கும்.

கசடு எங்கே போகிறது என்றும் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், கொட்டியதற்கான சீட்டு தர வேண்டும். இருட்டில் ஏரியிலோ ஓடையிலோ திறந்துவிட்டால் அதுவும் உங்கள் வீட்டிலிருந்து போனதுதான்.

லாரி வந்த அன்று

பகலில் வரச் சொல்லுங்கள். இரவில் வேடிக்கை பார்க்க ஆள் இருக்காது என்பதற்காகவே சிலர் இரவைத் தேர்வு செய்வார்கள். வீட்டில் ஒரு பெரியவர் கடைசிவரை கூடவே நிற்க வேண்டும். காசை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவது மிக மோசம்.

எல்லா அறைகளின் மூடியையும் திறந்து, சுற்றிலும் கயிறு கட்டி, அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. முதலில் மேலே உள்ள தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்ச வேண்டும். முழுவதும் உறிஞ்சிவிட்டால் மண்டியைக் கரைக்கத் தண்ணீர் இருக்காது. அவசரத்தில் நடக்கும் பெரிய தவறு இது. பிறகு ஜெட் வைத்தோ, நீளமான கழியால் மேலிருந்தே கலக்கியோ கசடை இளக்க வேண்டும். பல லாரிகளில் பம்பைத் திருப்பி, உறிஞ்சிய நீரையே அழுத்தத்தோடு திரும்பத் தொட்டிக்குள் விடலாம். ஜெட் இல்லாவிட்டால் இது நன்றாகவே இளக்கும். இரண்டு மூன்று முறை விட்டு விட்டு உறிஞ்சினால் பெரும்பகுதி வந்துவிடும். கலக்கும் நேரத்தில்தான் வாயு அதிகம் வரும். அப்போது எல்லோரும் திறப்பிலிருந்து ஒதுங்கி, காற்று வரும் திசையில் நிற்க வேண்டும்.

குழாயின் வாய் துணியால் அடைத்தால் குழாயை வெளியே எடுத்து நீக்க வேண்டும். கழிப்பறையிலிருந்து வரும் குழாயில்தான் அடைப்பு என்றால் வெளியே உள்ள சேம்பரைத் திறந்து, மூங்கில் பட்டையோ ஸ்பிரிங் கம்பியோ விட்டுக் குத்தலாம். உள்ளே விழுந்த பொருளைக் கொக்கியாலோ கயிற்றில் கட்டிய காந்தத்தாலோ எடுக்கப் பார்க்கலாம். வரவில்லையா, விட்டுவிடுங்கள். அது எவ்வளவு விலையுள்ள போனாக இருந்தாலும் சரி.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சு வரும்: "சார், அடியில கொஞ்சம் கெட்டியா இருக்கு. பையன் ரெண்டு நிமிஷம் இறங்கி வாரி விட்டுடுவான்." இந்த இடத்தில் நீங்கள் சும்மா இருந்தால் அது சம்மதம். வேறு பக்கம் திரும்பிக்கொண்டாலும் சம்மதம். "பார்த்து இறங்குப்பா" என்று அக்கறையோடு சொன்னால் அது உத்தரவு. சொல்ல வேண்டியது: "வேண்டாம்ணே. வந்த வரைக்கும் போதும். இந்தாங்க காசு." சொல்லிக்கொண்டே மூடியை மூடச் சொல்லுங்கள். காசை முதலில் நீட்டிவிட்டால் வாக்குவாதமே இருக்காது. மிச்சத்துக்குத் தண்ணீர் விட்டு ஊற வைத்து, சில வாரம் கழித்து ஜெட்டோடு இன்னொரு முறை கூப்பிடுங்கள்.

இறங்கவே முடியாத தொட்டி

இதுவரை சொன்னதெல்லாம் ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் கண்டிப்பாக நின்றால்தான் நடக்கும். நாளைக்கு வீட்டை விற்றுவிடுவீர்கள், சங்கச் செயலாளர் மாறுவார். ஆகவே, முடிந்தால் தொட்டியையே மாற்றிவிடுங்கள். மேல்தளத்தில் ஒவ்வொரு அறைக்கும் மேலே 150 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைப் பதித்து மூடி போடுங்கள். லாரிக் குழாய் 75 அல்லது 100 மி.மீ. இருக்கும், அதுவும் ஜெட்டும் தாராளமாக இந்த வழியே போகும், மனித உடல் போகாது. தரையை அந்தக் குழாய்க்கு நேர் கீழே சரியும்படி போட்டால் கசடு அங்கே வந்து சேரும். பெரிய மூடி இருந்தால் அதற்குக் கீழே துருப்பிடிக்காத எஃகில் 15 செ.மீ. இடைவெளியுள்ள கம்பி வலை வைத்துப் பூட்டிவிடுங்கள். சாதா இரும்பை அந்த வாயு சில வருடத்தில் அரித்துவிடும். பழைய தொட்டியிலும் தளத்தில் துளையிட்டு இதைச் செய்யலாம். துளையிடுவதற்கு முன் மூடிகளைத் திறந்து காற்றோட விட வேண்டும். மீத்தேன் இருக்கும்போது தீப்பொறி ஆகாது.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. கழிவே போகாத புதுத் தொட்டியிலும், குடிநீர் சம்ப்பிலும் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்க அடித்த பலகையும் முட்டும்) பிரிக்க இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். மூடிய தொட்டியில் கான்கிரீட் இறுக விட்ட க்யூரிங் தண்ணீரும் ஈரப் பலகையும் வாரக்கணக்கில் அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். "புதுசுதானே" என்று மேஸ்திரி அனுப்புவார். இதற்கு நல்ல தீர்வு, உள்ளே சென்ட்ரிங் இல்லாமல் மேலே முன்கூட்டியே வார்த்த பிரீகாஸ்ட் கான்கிரீட் பலகைகளை அடுக்கி மூடுவது. ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியை எழுதி வாங்கிவிடுங்கள்.

யாராவது விழுந்துவிட்டால்

இறங்காதீர்கள், வேறு யாரையும் இறங்க விடாதீர்கள். மகனோ தம்பியோ உள்ளே கிடக்கும்போது நிற்பது எளிதல்ல. வேண்டுமானால் பிடித்து நிறுத்துங்கள். 112, 101, 108 மூன்றையும் ஆளுக்கொன்றாக அழையுங்கள். "டேங்கில் வாயு தாக்கி விழுந்திருக்கிறார், மூச்சுக்கருவியோடு வாருங்கள்" என்று சொல்லுங்கள். எல்லா மூடிகளையும் திறந்து, கம்ப்ரசர் இருந்தால் அதைத் தள்ளி வைத்துக் காற்றுக் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடக் கூடாது, தீப்பற்றும். வெளியே எடுத்ததும் மூச்சில்லை என்றால் உடனே மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கலாம். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம். மூளை ஆக்சிஜன் இல்லாமல் தாங்குவது 4 முதல் 6 நிமிடம்தான். தீயணைப்பு வண்டி பெரும்பாலும் அதற்குள் வராது.

உயிர் போய்விட்டால், அடுத்து நீங்கள் சொல்லும் வார்த்தைகளைச் சார்ந்துதான் அந்தக் குடும்பம் நிற்கப் போகிறது. "தெரியாம வழுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லும்படி லாரி முதலாளியோ ஊர்ப் பெரியவரோ சொல்லிக்கொடுப்பார்கள். அப்படிப் பதிவானால் அது விபத்தாகிவிடும். 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 27 மார்ச் 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 20 அக்டோபர் 2023 தீர்ப்பில் அதை 30 லட்சமாக உயர்த்தியது; நிரந்தரமாக முடங்கிப்போனால் குறைந்தது 20 லட்சம். கழிவுத் தொட்டி வேலையில் இறந்தார் என்று முதல் தகவல் அறிக்கையில் இல்லாவிட்டால் இந்தத் தொகைக்காகக் குடும்பம் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆகவே காவல் நிலையத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: வேலைக்குக் கூப்பிட்டது நான், இன்ன வேலைக்கு, இன்ன தொகைக்கு, இறங்கும்போது நான் அங்கே இருந்தேன் அல்லது இல்லை. போன் பதிவு, பணம் அனுப்பிய விவரம், லாரி எண் மூன்றையும் அழிக்காமல் கொடுங்கள். கொஞ்சம் பணத்தைக் கையில் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் பேச்சுக்கு உட்காராதீர்கள். குடும்பத்தார் கேட்டால் உங்கள் வாக்குமூலத்தின் நகலை அவர்களுக்கும் கொடுங்கள்.